லைட்டை மட்டும் அணைச்சு விடுங்க அண்ணாச்சி

கார் மீட்டர் போர்டில் எரிகிற லைட்டுக்கு அர்த்தம் சொல்வது என் தொழில். அதை நம்ப வைப்பதுதான் பெரும்பாடு.

கார் வைத்திருக்கிற பாவப்பட்ட ஜீவன்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள். குடும்பத்தோடு கிளம்பி, பிள்ளைகள் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டு ஓய்ந்து, வண்டி பைபாஸ் ஏறிய பிறகு, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒன்று முழிக்கும். அது என்ன படம் என்று புரியாது. பக்கத்து சீட்டில் இருப்பவர் கண்ணில் படாமல் ஓட்டிப் பார்ப்பீர்கள். படாமல் போகவே போகாது.

நான் முன்பு கப்பலில் எலக்ட்ரீஷியன். கப்பலில் அலாரம் அடித்தால் முதலில் ஒரு பொத்தானை அமுக்கிச் சத்தத்தை நிறுத்துவோம். உடனே டார்ச்சை எடுத்துக்கொண்டு அலாரம் வந்த இடத்துக்கு ஓடுவோம். பொத்தானை அமுக்கினால் 'காதில் விழுந்துவிட்டது' என்று அர்த்தமே தவிர, 'சரியாகிவிட்டது' என்று அர்த்தம் இல்லை. கரைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, தூத்துக்குடியில் பாதிப் பேருக்கு அந்தப் பொத்தான் மட்டும் போதும். ஓடுகிற வேலை வேண்டாம்.

கரைக்கு ஏன் வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு லீவில் வீட்டில் இருந்தபோது என் மகள் நேரில் பேச வெட்கப்பட்டு, அடுத்த அறைக்குப் போய், அம்மாவின் போனில் எனக்கு வீடியோ கால் போட்டாள். நானும் எடுத்துப் பேசினேன். சிரித்துக்கொண்டுதான் பேசினேன். வைத்த பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வாரமே ஒரு ஸ்கேனர் வாங்கி, துறைமுகம் போகிற ரோட்டில் லாரி ஷெட்டுகளுக்குப் பின்னால் கடை போட்டேன். கப்பல் கம்பெனி நல்ல கம்பெனி. 'இந்த வருஷம் முடிவதற்குள் சொல்லுங்கள், உங்கள் இடம் இருக்கிறது' என்றார்கள். ஆகக் கணக்கு எளிது. கடை ஓடினால் நான் கரையில். ஓடாவிட்டால் மறுபடியும் கப்பல்.

மாப்பிள்ளை வீட்டுச் சீலா

முதல் மாதத்தில் வந்தவர் மிக்கேல் அண்ணன். துறைமுக ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளை மதுரையில் கட்டிக்கொடுத்திருக்கிறார். வண்டியை நிறுத்தும்போதே முகம் வெளிறி இருந்தது. டிக்கி மூடியிருக்கும்போதே திறந்திருப்பதாக மீட்டர் சொல்கிறது. ரிவர்ஸ் கியர் போடாமலே ரிவர்ஸ் சத்தம் கேட்கிறது. பிரேக்கை மிதித்தால் வேறு ஏதோ எரிகிறது. யாரோ அவரிடம் 'கம்ப்யூட்டரே போச்சு' என்று சொல்லிவிட்டார்கள். ஸ்கேனரை மாட்டினால் கல்யாண வீட்டுச் சாமான் பட்டியல் மாதிரி நீளமாக வந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஸ்கேனர் எந்தப் பக்கம் கோளாறு என்று கைகாட்டும். எந்தச் சாமான் கெட்டது என்று சொல்லாது. அதற்கு நாம்தான் குனிந்து பார்க்க வேண்டும். இங்கே குனியவும் தேவைப்படவில்லை. டிக்கியைத் திறந்ததும் மூக்கே சொல்லிவிட்டது. கார்ப்பெட்டைத் தூக்கினேன். ஸ்டெப்னி டயர் மீன் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. பக்கவாட்டில் போகிற வயர் கனெக்டர் எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. அண்ணன் மாதம் தவறாமல் மாப்பிள்ளை வீட்டுக்கு ஐஸ் போட்டுச் சீலா மீன் கொண்டுபோகிறார். மதுரை போய்ச் சேரும்போது ஐஸில் பாதி தண்ணீராகி டிக்கிக்குள் இறங்கியிருக்கிறது.

கம்ப்யூட்டருக்கு ஒன்றும் இல்லை. கனெக்டரைச் சுத்தம் செய்து, கெட்டுப்போன பின்னை மாற்றி, வயரைத் தூக்கிக் கட்டினேன். எல்லா லைட்டும் அணைந்தது. அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். மீன் பெட்டியை இனி ஒரு பெரிய டப்பில் வையுங்கள், இல்லாவிட்டால் கொஞ்ச நாளைக்கு மீனை நிறுத்துங்கள் என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்துச் சொன்னார்: "மீன நிறுத்துனா மாப்பிள்ள கோவிச்சுக்கிடுவாரு தம்பி. வேணும்னா கார மாத்திருதேன்."

பால்துரை அண்ணாச்சி

என் தொழிலில் ஒரு சாபம் உண்டு. வேலையைச் சரியாகச் செய்துவிட்டால் ஆள் திரும்பி வர மாட்டார். மிக்கேல் அண்ணன் என்னைப் பார்த்தால் கோயிலில் கையாட்டுகிறார், அவ்வளவுதான். வந்து போகிறவர்கள் சந்தோஷமாகப் போகிறார்கள், கடை காலியாகக் கிடக்கிறது. என் மனைவி ரீத்தா சாப்பாடு கொண்டுவரும்போது கடை வாசலைத்தான் முதலில் பார்ப்பாள், பிறகுதான் என்னை.

அப்போது வந்தார் பால்துரை அண்ணாச்சி. டிராவல்ஸ் வைத்திருக்கிறார். தூத்துக்குடியில் கல்யாணம் என்றால் பாதி வீட்டு வாசலில் அவர் வண்டிதான் நிற்கும். ஒரு வண்டியில் ஏர்பேக் லைட் அணையாமல் எரிந்தது. டிரைவர் சீட்டை முன்னே பின்னே இழுத்து இழுத்து, அடியில் இருந்த மஞ்சள் கனெக்டர் தளர்ந்திருந்தது. சரிசெய்து கொடுத்தேன். அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். அவருடைய எல்லா வண்டியும் என்னிடம் வந்தால் நான் கப்பலை மறந்துவிடலாம். இதை நான் மனதுக்குள் நினைத்தேன், ரீத்தாவோ வாய்விட்டே சொன்னாள். அண்ணாச்சி கிளம்பும்போது தோளில் தட்டிச் சொன்னார்: "எல்லா வண்டியையும் உம்மகிட்டயே விட்டுருதேன் தம்பி. ஆனா வண்டிய நிறுத்தி வைக்கிற பேச்சு மட்டும் எங்கிட்ட பேசக் கூடாது, பாத்துக்கிடும்."

உப்பளத்துத் தண்ணி

முத்தையாபுரம் தாண்டி உப்பளத்தில் மேஸ்திரியாக இருக்கும் ஒருவர் வந்தார். வழியில் சிவப்பு லைட் எரிந்திருக்கிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் எரிகிற லைட். சிவப்பு எரிந்தால் ஓரமாக நிறுத்த வேண்டும், மஞ்சள் எரிந்தால் சீக்கிரம் காட்ட வேண்டும், பச்சையும் நீலமும் சும்மா தகவல். என் மொத்தப் படிப்பும் இவ்வளவுதான். மேஸ்திரி அதில் கெட்டிக்காரர். சிவப்பைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். சூட்டோடு மூடியைத் திறக்காமல் ஆற விட்டார். அதுவரை எல்லாம் நூற்றுக்கு நூறு. அடுத்ததுதான் வேறு எந்த ஊர்க்காரனும் செய்யாத காரியம். சுற்றிலும் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர் இருந்தது. பாத்திக்குப் போகிற வாய்க்காலில் ஒரு குடத்தை முக்கி ரேடியேட்டரில் ஊற்றிவிட்டார்.

லைட் அணைந்துவிட்டது. அதுதான் வேடிக்கை. லைட்டுக்குத் தண்ணீரின் அளவு மட்டும்தான் தெரியும், ருசி தெரியாது. மறுநாள் 'சும்மா ஒரு தடவ பாத்துருங்க' என்று வந்தார். மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. அந்தத் தண்ணீர் இன்னும் ஒரு வாரம் உள்ளே கிடந்தால் என்ஜினை அரித்துத் தின்றுவிடும். உப்புத் தண்ணீரை இறக்கிவிட்டு, நல்ல தண்ணீரால் கழுவிக் கழுவி, கடைசியில் தெளிந்து வந்த பிறகுதான் மூச்சு விட்டேன். ஒழுகிய ஹோஸ் கிளிப்பையும் மாற்றினேன். என்ஜின் தப்பித்தது. உப்பிலேயே பிழைக்கிற மனுஷன் இப்படிச் செய்யலாமா என்று கோபத்தில் கத்திவிட்டேன். அவர் அமைதியாகக் கேட்டார்: "லைட்டு தண்ணிதானே கேட்டுச்சு அண்ணே, நல்ல தண்ணின்னு கேக்கலியே?"

மாதாவுக்கு பெல்ட்

ஒரு புருஷன் பெண்டாட்டி, புதுக் கார், புது வீடு. புது வீட்டுக்கு வாங்கிய மாதா சொரூபத்தைக் கோயிலில் மந்திரித்துக் கொண்டுவரக் கிளம்பியிருக்கிறார்கள். மாதாவைப் பின்னால் வைக்க மனம் வரவில்லை. முன் சீட்டில் வைத்துவிட்டு அந்தம்மா பின்னால் உட்கார்ந்துகொண்டார். வண்டி கிளம்பியதிலிருந்து சிவப்பு லைட்டும் டிங் டிங் சத்தமும் விடவில்லை. புது வண்டியில் சிவப்பு லைட், அதுவும் மந்திரிக்கப் போகிற வழியில். இருவருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. ஏதோ குறை என்றே முடிவு செய்துவிட்டார்கள். நான் ஸ்கேனரை எடுக்கவே இல்லை. சீட்டில் கனம் இருக்கிறது, பெல்ட் போடவில்லை, வண்டி கேட்கிறது. அவ்வளவுதான். மாதாவைச் சுற்றிப் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். சத்தம் நின்றது. அந்தம்மா நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார்: "மாதா நம்மளக் காப்பாத்துவாகன்னு முன்னால வச்சோம். கடைசில நாமல்லா அவுகளக் காப்பாத்த வேண்டியிருக்கு!"

காயல்பட்டினத்து வண்டி

காயல்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். பாத்திமா என்று பெயர். கணவர் துபாயில். வீட்டில் டீசல் கார் நிற்கிறது. அதில் மஞ்சள் லைட் ஒன்று எரிந்து அணையவே மாட்டேன் என்கிறது. ஸ்கேனரைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் போனேன். இரண்டு பக்கமும் சுவரை உரசுகிற சந்து. அதற்குள் அந்த வண்டி எப்படி நுழைந்தது என்பதே தனி ஆராய்ச்சி. ஸ்கேனரை மாட்டிக்கொண்டிருக்கும்போதே போனில் கணவர் வந்துவிட்டார். மனைவி போனை மீட்டருக்கு நேராகப் பிடிக்க, அவர் துபாயிலிருந்து எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தார். பேட்டரியாக இருக்கும் என்றார். சென்சாராக இருக்கும் என்றார். என் வயிற்றெரிச்சலை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டேன்.

விஷயம் வேறு. புது டீசல் வண்டிகளில் புகைக்குழாய்க்குள் கரியைப் பிடித்து வைக்கிற ஒரு வடிகட்டி இருக்கும். வண்டி நீளமாக, வேகமாக ஓடிச் சூடானால்தான் அந்தக் கரி எரிந்து வெளியே போகும். இந்த வண்டியோ ஓடவே இல்லை. 'வாரம் ஒரு நாள் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வை, வண்டி நல்லா இருக்கும்' என்று கணவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தம்மா வாரம் தவறாமல் சந்தில் நிறுத்தியபடியே ஸ்டார்ட் செய்து, வாரம் தவறாமல் கரியைச் சேர்த்திருக்கிறார். வண்டியைக் காப்பாற்றியே கெடுத்தாகிவிட்டது. நல்லவேளை, வடிகட்டி முழுக்க அடைக்கவில்லை. ஒரு நல்ல ஓட்டம் போதும். யார் ஓட்டுவது? அந்தம்மாவிடம் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் ஊர் எல்லை தாண்டி ஓட்டியதில்லை. 'வேண்டாம், நான் லீவுக்கு வந்து ஓட்டுதேன்' என்றார் துபாய். அதற்குள் அடைத்துவிடும் என்றேன் நான். அந்தம்மா சாவியை எடுத்துக்கொண்டார்.

பாத்திமாம்மா பக்கத்து சீட்டில் நாத்தனாரை உட்கார வைத்துக்கொண்டு, தூத்துக்குடி ரோட்டில் வண்டியை எடுத்தார். நான் பைக்கில் பின்னாலேயே போனேன். ஆத்தூர் வரை மாட்டுவண்டி வேகம். எனக்கே தள்ளிவிடலாமா என்று இருந்தது. ஆற்றுப் பாலம் தாண்டியதும் எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, என் பைக்கால் பிடிக்க முடியவில்லை. துறைமுகம் நெருங்கும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கையை வெளியே நீட்டி ஆட்டினார். போய்ப் பார்த்தால் லைட் இல்லை. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், பயத்திலா சந்தோஷத்திலா தெரியாது. மாதம் ஒரு முறை இப்படி ஓட்டினால் போதும் என்று சொல்லியிருந்தேன். அந்தம்மா அங்கேயே நின்று துபாய்க்குப் போன் போட்டுச் சொன்னார்: "லைட்டு அணைஞ்சிட்டு. ஆனா வாரம் ஒருக்க நான் தூத்துக்குடி போயே ஆகணுமாம். மெக்கானிக் தம்பி கண்டிசனா சொல்லிட்டாக."

முருகன் மறைத்த லைட்

உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் பார்க்கும் ஒரு அண்ணாச்சி பழைய வண்டி ஒன்று வாங்கியிருந்தார். வண்டி அவ்வப்போது இழுக்க மறுக்கிறது, பெட்ரோல் குடிக்கிறது, ஆனால் லைட் ஒன்றும் எரியவில்லை என்றார். மீட்டர் போர்டைப் பார்த்தேன். கண்ணாடியின் ஒரு மூலையில் சின்னதாக, அழகாக, திருச்செந்தூர் முருகன் ஸ்டிக்கர். எனக்குச் சந்தேகம் தட்டியது. சாவியைப் போட்டதும் எல்லா லைட்டும் ஒரு முறை எரிந்து அணைய வேண்டும். வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்கிற நேரம் அது. என்ஜினில் கோளாறு என்றால் எரிகிற செக் என்ஜின் லைட் எங்கேயும் தெரியவில்லை. ஸ்டிக்கரின் ஓரத்தில் மட்டும் லேசாக மஞ்சள் ஒளி கசிந்தது. விற்றவன் கில்லாடி.

ஸ்டிக்கரை எடுக்கலாமா என்று கேட்டதும் அண்ணாச்சி பதறிவிட்டார். முருகனை நகத்தால் சுரண்டுவதா? நானும் வற்புறுத்தவில்லை, நமக்கு எதற்கு வம்பு. முருகனை அப்படியே விட்டுவிட்டு ஸ்கேனரை மாட்டினேன். சைலன்சர் பக்கம் இருக்கிற ஒரு சென்சார் என்று கைகாட்டியது. அடியில் போய்ப் பார்த்தால் சென்சார் நன்றாகவே இருக்கிறது, அதற்குப் போகிற வயரை எலி கடித்திருக்கிறது. ஒட்டுப் போட்டதும் வண்டி பழையபடி இழுத்தது. பெரிய செலவு வரும் என்று பயந்து வந்த அண்ணாச்சிக்கு உயிர் வந்தது. கடித்த வயரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மீட்டரைப் பார்த்துக் கும்பிட்டுச் சொன்னார்: "கடிச்சது பிள்ளையாரு வாகனம், மறைச்சது அவரு தம்பி. அண்ணந்தம்பி விவகாரத்துல நாம என்ன சொல்ல முடியும்?"

ஒரு வயர்தானே

இப்படியே வருஷக் கடைசி வந்துவிட்டது. கப்பல் கம்பெனியிலிருந்து 'என்ன முடிவு?' என்று செய்தி வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பால்துரை அண்ணாச்சி வந்தார். கூடவே வண்டியோடு டிரைவர் இசக்கி. மறுநாள் காலையில் ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் குழந்தை குட்டிகளோடு கொடைக்கானல் போகிறார்கள். வண்டி மீட்டரில் பிரேக் லைட் சிவப்பாக எரிகிறது. வளைவில் திரும்பினால் எரியும், நேரே போனால் அணையும். டப்பாவில் பிரேக் ஆயில் குறைந்துகொண்டே வருகிறது, ஊற்றிக்கொண்டே இருக்கிறேன் என்றான் இசக்கி. அப்படியானால் ஆயில் எங்கோ போகிறது. எங்கே போகிறது என்று, அடியில் நின்று பார்க்கக் கடையில் வெட்டியிருக்கும் குழிமேல் ஏற்றிப் பார்க்க வேண்டும். "வண்டி ஒரு நாள் நிக்கணும் அண்ணாச்சி" என்றேன்.

அண்ணாச்சியின் முகம் மாறிவிட்டது. லீவு சீசன், மாற்று வண்டி இல்லை. "அந்த டப்பா மூடில ஒரு வயர் இருக்குல்லா, அதக் கழட்டி விடும். லைட்டு எரியாது. வந்த பெறவு பாத்துக்கிடலாம்" என்றார். உண்மைதான். அந்த வயரைக் கழற்றினால் லைட் எரியாது. ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு என் மகள் முகம் வந்துபோனது, பொய் சொல்லவில்லை. இவருடைய வண்டிகள் போனால் நான் மறுபடியும் கப்பல்தான். ஆனால் கொடைக்கானல் ரோட்டில் எத்தனை வளைவு என்பதும் நினைவுக்கு வந்தது. கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, லாரி ஷெட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணாச்சி வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: "லைட்ட அணைக்கத் தெரியாத ஆளுக்கு எதுக்குவே கடை?"

இசக்கியின் கால்

அன்றைக்கு ரீத்தாவிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 'வருகிறேன்' என்று கம்பெனிக்குப் போனில் பதில் அடித்து வைத்தேன். அனுப்ப மட்டும் விரல் வரவில்லை. காலையில் அனுப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் கடையைத் திறக்கப் போனால் வாசலில் அதே வண்டி நிற்கிறது. உள்ளே இசக்கி மட்டும். இந்நேரம் கல்யாண வீட்டு வாசலில் நிற்க வேண்டியவன். வேறொரு கடையில் அந்த வயரைக் கழற்றிவிட்டார்களாம். லைட் அணைந்து அண்ணாச்சி நிம்மதியாகப் போய்விட்டாராம். இவனுக்குத்தான் தூக்கம் வரவில்லை. காலையில் தானே பானெட்டைத் திறந்து வயரை மாட்டிப் பார்த்திருக்கிறான். லைட் சிவப்பாக எரிந்திருக்கிறது. "மொதலாளி திட்டுவாரு அண்ணே, தெரியும். ஆனா லைட்டு அணைஞ்சா அவருக்கு நிம்மதி. மலையில பிரேக்க மிதிக்கது என் காலுல்லா?" என்றான். கதவை முழுக்கத் திறந்து வண்டியைக் குழிமேல் ஏற்றச் சொன்னேன்.

டார்ச்சோடு கீழே இறங்கினேன். முன்பக்கம் எல்லாம் காய்ந்து கிடந்தது. பின்சக்கரத்துக்குப் போகிற பிரேக் பைப், ஒரு கிளிப்புக்கு அடியில் போகிற இடத்தில் மட்டும் ஈரம். நம் ஊர்க் காற்று தெரியும்தானே, வெளியே பெயிண்ட் பளபளக்கும், அடியில் உப்பு உட்கார்ந்து இரும்பைத் தின்றுகொண்டிருக்கும். கிளிப்பை நகர்த்தினேன். பைப் துருவேறிப் பொருமி இருந்தது. "இசக்கி, மலையில மிதிக்கிற மாதிரி ஒரு மிதி மிதி" என்று கத்தினேன். மிதித்தான். பட்டென்று பைப் பிளந்து, பிரேக் ஆயில் என் சட்டை முழுக்கப் பீய்ச்சி அடித்தது. மேலே இசக்கி "அண்ணே, கால் அடில போயிட்டு!" என்று அலறினான். அப்பாடா, இங்கே போனதே, இங்கே போனதே என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

அதே நேரத்தில் பால்துரை அண்ணாச்சி பைக்கில் வந்து இறங்கினார். கல்யாண வீட்டிலிருந்து போன் போயிருக்கிறது. இசக்கியை அடிக்காத குறைதான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். மிதித்தார். மறுபடியும் மிதித்தார். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. இறங்கி வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தார். குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏறும்போது போயிருக்குமா, எறங்கும்போதா?" என்று கேட்டார். "எறங்கும்போதுதான் அண்ணாச்சி மிதிமிதின்னு மிதிப்போம்" என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கல்யாண வீட்டுக்குப் போன் போட்டு, வேறு வண்டி வரும், கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சினார். வேறு யாருக்கோ போன் போட்டு, உங்களுக்கு இன்றைக்கு வண்டி இல்லை என்று திட்டு வாங்கினார். பிறகு இசக்கியைப் பக்கத்தில் கூப்பிட்டு, அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஏலே, நம்ம வண்டி ஒவ்வொண்ணா இங்கன கொண்டாந்து இந்தக் குழில ஏத்து. லைட்டு எரிஞ்சாலும் ஏத்து, எரியாட்டாலும் ஏத்து. எத்தன நாள் நின்னாலும் நிக்கட்டும்."

கப்பல் பெட்டி

மத்தியானம் சட்டை மாற்ற வீட்டுக்குப் போனேன். ரீத்தா குசினியில் மீன் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். பிரேக் ஆயில் நாற்றத்தோடு வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கொடைக்கானல் போகவிருந்த குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். பால்துரை அண்ணாச்சியின் வண்டி எல்லாம் வரப்போகிறது என்றதும் மறுபடியும் எடுத்துக்கொண்டாள். அவள் கண்ணெதிரிலேயே, அடித்து வைத்திருந்த 'வருகிறேன்' என்பதை அழித்துவிட்டு, 'வரவில்லை, நன்றி' என்று அடித்து அனுப்பினேன். இந்தத் தடவை விரல் தயங்கவில்லை. உடம்பிலிருந்து பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. வீட்டுக்காரி கட்டிப்பிடித்து அழுவாள், குறைந்தபட்சம் ஒரு நல்ல வார்த்தையாவது சொல்வாள் என்று எதிர்பார்த்து நின்றேன்.

முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். குழம்பைக் கிண்டினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தது மட்டும் தெரிந்தது. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அப்போ பரண்ல கெடக்க அந்தக் கப்பல் பெட்டிய எறக்குங்க. கிறிஸ்மஸ் குடில் சாமான் வைக்க எடமில்லாம கெடக்கு."

ஆகையால், கார் வைத்திருக்கும் பாவப்பட்ட ஜீவன்களே, உங்கள் வண்டியில் லைட் எரிந்தால் வெட்கப்படாமல் பயப்படுங்கள், உங்கள் பயத்தில்தான் நான் கரையில் இருக்கிறேன்.